போகும் வழியை முதலில் காட்டியவர்

ராத்தா எங்கள் நிலையத்துக்கு முதன்முதலாக வந்த அன்று, தன்னை எப்படி விட்டுவிட்டுப் போவது என்பதைத்தான் முதலில் சொல்லித் தந்தார்.

மேசைமேல் கணினியை வைத்தார். திறக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், நாளைக்கு நான் ஒங்களோட சண்ட புடிச்சிட்டுப் போயிட்டேன் எண்டு வைங்க. இல்லாட்டி பஸ்ஸுல அடிபட்டு மவுத்தாகிட்டேன். அப்ப ஒங்கட சாமான் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு இன்னொருத்தர்கிட்ட எப்புடிப் போறது? அத முதல்ல காட்டுறேன். மத்ததெல்லாம் மறுகா."

வேலையை ஏற்க வந்த ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என்னோடு வேலை செய்யும் நில்மினி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ராத்தா சிரிக்கவில்லை. காட்டித்தான் விட்டார்.

'ராத்தா' என்றால் அவர்கள் வீட்டு வழக்கில் அக்கா. கண்டியில் அவரை அறிந்த எல்லோரும், தமிழரும் சிங்களவரும், அவரைவிட வயதில் மூத்த கடைக்காரர்களும்கூட, அப்படித்தான் கூப்பிட்டார்கள். கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. ஒரு காலத்தில் அது அவருடைய வாப்பாவின் துணி அடுக்கும் அறை. சுவரில் பழைய மரத் தட்டுகள் அப்படியே இருந்தன; துணிக்கட்டுகளுக்குப் பதிலாக அவற்றில் கணினிப் பெட்டிகள். படி ஏறும்போது கீழேயிருந்து புதுத்துணி வாசமும் மேலேயிருந்து சூடான கம்பி வாசமும் ஒன்றாக வரும்.

நாங்கள் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் டொலர். கெட்டம்பேயில் எங்கள் நிலையம் காது கேளாத, குறைவாகக் கேட்கிற பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறது. கலஹாவிலிருந்தும் ஹுன்னஸ்கிரியவிலிருந்தும் தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் பஸ் மாறி மாறிப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பேசுவதை மாதா மாதம் படம் பிடித்து வைப்போம். ஒரு பிள்ளை முன்னேறுகிறதா, தேங்கி நிற்கிறதா என்று அறிய எங்களுக்கு வேறு வழி கிடையாது. அந்தப் பதிவுகளையெல்லாம் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கணினியில் மாத வாடகைக்கு வைத்திருந்தோம். நாட்டில் டொலர் இல்லாமல் போன நாட்களில், அட்டையில் வெளிநாட்டுக் கட்டணம் போகாது என்று வங்கி கைவிரித்தது. கட்டாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று கம்பனியிடமிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். நான் எழுதிய விளக்கங்களுக்கெல்லாம் ஒரே இயந்திரப் பதில்தான் வந்தது. பல வருடத்துப் பிள்ளைகளின் குரல் அது. நில்மினி ஒரு நாள் அழுதேவிட்டாள்.

ராத்தா சொன்ன வழி இது. பதிவுகளை இறக்கி, நம்முடைய அறையிலேயே நம் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்வது. அதை நடத்தும் மென்பொருளையும் நாமே நிறுவிக்கொள்வது. திறந்த மூல மென்பொருள் என்றார். எழுதியவர்கள் அதன் உள்கட்டு முழுவதையும் வெளியே வைத்துவிட்டார்கள். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம், அதற்கு வாடகை இல்லை.

"சும்மாவா குடுக்கிறாங்க?" என்று கேட்டேன். "ஏன்?"

அதுவரை சோர்ந்திருந்த அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, கேட்டீங்களே! முக்கால்வாசிப் பேர் கேக்கிறதே இல்ல. சும்மா எண்டதும் வாங்கிக்கொண்டு ஓடிருவாங்க."

பிறகு விளக்கினார். இதை எழுதுகிற கம்பனி தூர தேசத்தில் இருக்கிறது. சின்ன ஆட்களுக்குச் சும்மா கொடுக்கிறது. பத்துப் பேர் பாவித்தால் பெயர் பரவும். பிழை இருந்தால் அந்தப் பத்துப் பேரே கண்டுபிடித்துச் சொல்லுவார்கள், அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. பிறகு பெரிய வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் வரும்போது, பராமரிப்புக்கென்று அவர்களிடம் நன்றாக வாங்கிக்கொள்ளும்.

"அவங்க அவ்லியாவும் இல்ல, கள்ளனும் இல்ல. யாவாரிங்க. நாளைக்கு யாவாரம் படுத்தா சும்மா குடுக்கிறத நிப்பாட்டவும் செய்வாங்க. அதையும் தெரிஞ்சிதான் எடுக்கோணும்." ஒரு மூச்சு விட்டு, "இப்ப என்ட லாபத்தச் சொல்றேன்" என்று தொடங்கினார். மாதப் பராமரிப்புக்குத் தான் வாங்கப்போவது என்ன, பெட்டியும் மின்கலமும் விற்பதில் தனக்கு நிற்பது என்ன, எங்கள் நிலையத்துக்கு வரும் டாக்டர்மார் மூலம் தனக்கு வரக்கூடிய புது வேலை என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "சொந்த வீடு மாதிரித்தான் டீச்சர். வாடகை இல்ல. ஆனா கூரை ஒழுகினா நீங்கதான் ஏறோணும். எனக்கிட்டச் சொன்னா நான் ஏறுவேன், கூலி வாங்குவேன்."

இதுதான் ராத்தா. தனக்கு என்ன கிடைக்கும் என்பதை எதிரில் இருப்பவரிடம் சொல்லாமல் அவரால் ஒரு வார்த்தையும் பேச முடியாது. அது ஒரு பழக்கம் என்று சொல்வதா, நோய் என்று சொல்வதா தெரியவில்லை. நில்மினியின் தம்பிக்கு வேலைக்கு ஓரிடம் சொன்னார், சொன்ன கையோடு, "அந்தக் கடைக்காரர் என்ட மச்சான். ஆள் கிடைச்சா எனக்கு நன்றியோட இருப்பார். அதால நான் சொல்றதப் பாதியா எடுங்க" என்றார். எங்களுக்கு ரம்புட்டான் கொண்டுவந்து கொடுத்தால், "வீட்டு மரத்துல அளவுக்கு மேல காச்சிட்டு. வௌவாலுக்குப் போறத ஒங்களுக்குத் தாறேன்" என்பார். அவருக்கு நன்றி சொல்ல வாய் திறந்தால் அவருடைய இலாபம் முந்திக்கொள்ளும்.

இதனால் அவர் இழந்ததும் உண்டு. ஒரு தடவை நான் அவருடைய மேல்மாடியில் காத்திருந்தபோது, நாலைந்து ஊர்களில் டியூஷன் வகுப்பு நடத்தும் ஒரு முதலாளி வந்திருந்தார். பெரிய வேலை. மாணவர் விபரம், பாடங்கள், பரீட்சைப் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். எல்லாம் பேசி முடிந்து, எழும்பும் நேரத்தில் அவர் குரலைத் தணித்தார்.

"ஒரு விசயம் ராத்தா. கிளைய நடத்துறவங்க நாளைக்குப் பிரிஞ்சு போய்ச் சொந்தமா வகுப்பு தொடங்கலாம். அவங்க எழுதின பாடத்தக்கூட எடுத்துட்டுப் போகாத மாதிரி பூட்டு ஒண்டு போட்டுத் தரணும்."

"ஒங்கட பாடத்துக்குப் பூட்டுப் போடுறேன்" என்றார் ராத்தா. "அவங்க எழுதினதுக்கு ஏலாது."

"காசு குடுத்துத்தானே செய்யச் சொல்றேன்?"

"அது தெரியும். எனக்கும் காசு தேவைதான். ஆனா அந்த ஆக்கள் கையால எழுதினத அவங்களுக்கே குடுக்காம வெச்சிருக்கிற பெட்டிய நான் செஞ்சா, மறுகா எந்த மூஞ்சோட இன்னொரு கடைக்குள்ள போறது? கோவிச்சிக்காதீங்க."

அவர் கோபித்துக்கொண்டுதான் போனார். படியில் அவருடைய சப்பாத்துச் சத்தம் அடங்கியதும் ராத்தா பெருமூச்சு விட்டார். "நல்ல வேல டீச்சர். ரெண்டு வருசத்துக்குக் கவலையில்லாம இருந்திருப்பேன்." அதன் பிறகு அரை மணித்தியாலம் எதையும் சரியாகக் கேட்கவில்லை. நான் சொன்ன எங்கள் பிரச்சினையை இரண்டு தடவை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் எங்களை வைத்து ஒத்திகை பார்ப்பார். ஆண்டுக்கு ஓரிரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, "இண்டைக்கு நான் மவுத்து" என்று அறிவித்துவிட்டு மூலைக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் வேறொரு கணினியை எடுத்து, பிரதியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுப்ப வேண்டும். என்ன கேட்டாலும் பதில் வராது. நில்மினி விரலை நெரித்துக்கொண்டு, "அனே ராத்தா, இது எந்த இடம்?" என்று கெஞ்சுவாள். ராத்தா பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மகாவலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் நில்மினி சொன்னாள்: "மவுத்தானவங்க பிளேன்டீ குடிக்க மாட்டாங்க." அவருக்கும் சிரிப்பு வந்து தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அப்போதும் பதில் மட்டும் சொல்லவில்லை.

ராத்தா உம்றாவுக்குப் போயிருந்த சித்திரை மாதத்தில் இடி விழுந்தது. பகல் இரண்டு மணி இருக்கும். கெட்டம்பே முழுவதும் வெள்ளையாகி அணைந்தது. எங்கள் பெட்டியிலிருந்து கருகிய வாசம் வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்துக் கலஹாவிலிருந்து வரும் தர்ஷினியைக் கொழும்புக்குக் கூட்டிப் போக வேண்டும். காதுக்குள் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சைக்கு உதவும் குழு ஒன்று அவளைப் பார்க்கவிருந்தது. சாதாரணக் கருவியோடு பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதை, தொடக்கத்திலிருந்து எடுத்த பதிவுகளோடு வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய அம்மா அன்றைக்கு எங்கள் அறையில்தான் இருந்தார். கருகிய பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீச்சர், எங்க புள்ளைட படமும் இதுக்குள்ளயா இருந்திச்சி?"

ராத்தா தொலைபேசியை எடுக்கவில்லை. மக்காவில் தொழுகையில் இருந்திருப்பார். நில்மினி சேலையைச் செருகிக்கொண்டு எழும்பினாள். பிரதி ஒன்று பிலிமத்தலாவையில் அவளுடைய வீட்டு அலுமாரியில் இருந்தது. அப்படி வேறொரு ஊரில் வைக்கச் சொன்னதும் ராத்தாதான். பஸ்ஸில் போய் எடுத்து வந்தாள். மறுநாள் காலையில் பழைய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தொடங்கினோம். எதற்குப் பிறகு எது என்பது கைக்குத் தெரிந்திருந்தது. மத்தியானத்துக்குள் தர்ஷினி திரையில் வந்தாள். இரண்டு பின்னலும் முன்பல் இல்லாத வாயுமாக, எங்கள் வாயசைவைப் பார்த்து ஒலி எழுப்ப முயன்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கடைசி வாரத்துப் பதிவுகள் மட்டும் போய்விட்டன. ராத்தா திரும்பி வந்ததும் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டு, முதலில் அந்த வாரத்தைப் பற்றித்தான் கேட்டார். "அது என்ட பிழை டீச்சர். இடி வாற மாசத்துல வாரத்துக்கு ஒரு பிரதி போதாது எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்." இடி தாங்கும் கருவியைத் தன் செலவில் பொருத்திவிட்டு, "இது தர்மமில்ல. இன்னொருக்கா கருகினா என்ட பேர் கெட்டுரும்" என்று சொல்லிக்கொண்டார். தர்ஷினிக்குச் சத்திரசிகிச்சைக்கு இடம் கிடைத்தது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் முதல் நாளே எச்சரித்தது ஒரு கட்டத்தில் நடந்தது. மென்பொருளை எழுதிய கம்பனி, படப் பதிவுகளை நடத்தும் பகுதியை இனிச் சும்மா தர முடியாது என்று அறிவித்தது. எனக்குக் கோபம் பொங்கியது. ஏமாற்றிவிட்டார்கள் என்றேன்.

"எங்க ஏமாத்தினாங்க?" என்றார் ராத்தா. "அவங்களுக்கும் புள்ளகுட்டி ஈக்கு. ஊரெல்லாம் சும்மா எடுத்துச்சு, ஒருத்தரும் ஒண்டும் குடுக்கல்ல. போன வருசம் வரைக்கும் வெளிய வெச்சத அவங்களால திரும்ப உள்ள எடுக்க ஏலாது. அது எங்கட கையில ஈக்கு. அது போதும்."

உண்மைதான். வெளியே வைத்த அந்தப் பழைய உள்கட்டை எடுத்து, வேறு சிலர் சேர்ந்து இன்னொரு பெயரில் தொடர்ந்து வளர்த்தார்கள். ராத்தா எங்களை அதற்கு மாற்றினார். அன்றிலிருந்து எங்கள் பற்றுச்சீட்டில் ஒரு வரி கூடியது: அந்தப் புது ஆட்களுக்கு நன்கொடை. "இவங்களும் பசியில கதவ மூடக் கூடாது பாருங்க. மூடினா எனக்குத்தான் வேல போகும்."

போன ஆண்டு ராத்தா தொழிலை விற்க வேண்டி வந்தது. அவருடைய கணவர் காலமாகிப் பல வருடம். ஒரே மகள் அவுஸ்திரேலியாவில். கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள், அவளுக்கோ உடம்புக்கு முடியவில்லை. ராத்தா அங்கே போகவும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கவும் கையில் ஏதாவது வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு கம்பனியின் முகாமையாளர் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். அவர் சொன்னதை ராத்தா எனக்கு அப்படியே சொன்னார்.

"மேடம், ஒங்கட வாடிக்கையாளர் ஒருத்தரும் ஒங்களோட கட்டுப்பட்டு இல்லையே. நாங்க வாங்கின மறுநாளே எல்லாரும் எழும்பிப் போகலாம். அப்ப நாங்க எதுக்குக் காசு குடுக்கிறது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ற? அவர் சொன்னது சரி. நான் வீட்டுக்கு வந்து யோசிச்சேன் டீச்சர். இத்தன வருசமும் ஒரு கடைய நடத்தி, அதுக்குக் கதவ மட்டும்தான் கட்டியிருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தேநீரைக் குடிக்காமலே கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டார்.

கடைசியில் முகாமையாளர் ஒரு வழிக்கு வந்தார். வாடிக்கையாளரில் பெரும்பாலோர் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேல்மாடியில் எல்லோரும் கூடினோம். கதிரை போதாமல் சிலர் படியில் உட்கார்ந்தார்கள். ஃபார்மசிக்காரர்கள், கராஜ்காரர், பாடசாலை அதிபர் ஒருவர், வாசனைத் திரவியத் தோட்டக்காரர்கள். பிலிமத்தலாவையில் ஃபார்மசி வைத்திருக்கும் பெரியவர் பேனையைத் திறந்தபடி எழும்பினார்.

"ராத்தா, எங்க வைக்கிறதெண்டு காட்டுங்க. வாசிக்கத் தேவையில்ல."

"வாசிங்க ஹாஜியார்" என்றார் ராத்தா. "நீங்க கையெழுத்து வெச்சா எனக்குக் காசு வரும். எனக்கு அது தேவையும்தான். அத நெனச்சிக்கொண்டே வாசிங்க."

வாசித்தோம். முகாமையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நில்மினிதான் பிடித்தாள்: பதிவுகளின் பிரதி இனிக் கம்பனியின் கொழும்பு அலுவலகத்தில் மட்டுமே இருக்கும் என்று ஒரு வரி. அதை எடுத்துவிட்டால்தான் கையெழுத்து என்று ஹாஜியார் பேனையை மூடினார். மற்றவர்களும் மூடினார்கள். அந்த நேரத்தில் நான் ராத்தாவைப் பார்த்தேன். விற்பனை முறிந்தால் முறிந்ததுதான். ஆனாலும் அவர் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். முகாமையாளர் கீழே இறங்கிப் போய்ப் புடவைக் கடை வாசலில் நின்று தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். திரும்ப மேலே வந்து அந்த வரியைத் தானே வெட்டிக் கையொப்பமிட்டார்.

எல்லோரும் வைத்தோம், கட்டுகஸ்தோட்டையில் தங்குமிடம் நடத்தும் ஒருவரைத் தவிர. அவருக்குக் கொழும்புக் கம்பனியில் நம்பிக்கை இல்லை. அடுத்த வாரம் ராத்தா தானே போய் அவரை வேறு ஆளிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குக் கூலியும் வாங்கினார்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் நிலையத்துக்கு வந்தார். தன்னிடமிருந்த எங்கள் அறைத் திறப்புகளைத் திருப்பிக் கொடுத்தார், நில்மினியின் தோளைப் பிடித்து ஆட்டினார். போகப் போனவர் வாசலில் தயங்கினார்.

"டீச்சர், ஒண்டு கேக்கட்டா? அந்தக் கலஹாப் புள்ள பேசுறத ஒருக்கா கேக்க ஏலுமா?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அத்தனை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பதிவுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தியிருக்கிறார். எந்தப் பிள்ளையின் படத்தையும் ஒரு தடவைகூட அவர் திறந்து பார்த்ததில்லை. "அது என்ட சாமான் இல்லையே" என்றார், ஏதோ தவறு செய்தவர் போல. "தாய்கிட்டக் கேட்டுட்டுப் போடுங்க."

தர்ஷினியின் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் கொழுந்து நிறுக்கும் இடத்தின் இரைச்சல் கேட்டது. "ராத்தாவா? இதுக்குப் போயி கேக்கணுமா டீச்சர், நல்லா போட்டுக் காட்டுங்க" என்று கத்திச் சொன்னார்.

முதலில் பழைய பதிவைப் போட்டேன். பிள்ளை வாயைத் திறக்கிறாள், காற்றுதான் வருகிறது. பிறகு சத்திரசிகிச்சைக்குப் பிந்தியது. தர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்புகிறாள், தகரக் கூரையில் சத்தம், அவள் கண்கள் பெரிதாகின்றன. "அம்மா, மழ பெய்யுது" என்கிறாள். 'ழ' இன்னும் சரியாக வராது. மற்றதெல்லாம் தெளிவு.

ராத்தா இந்தத் தடவை தனக்கு இதில் என்ன இலாபம் என்று சொல்லவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். நில்மினி தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்ததையும் கவனிக்கவில்லை.

"இன்னொருக்கா போடுங்க" என்றார்.